வெறும் எழுத்தே போதும்: கொங்குச் சிறுதொழில்களும் வாடிக்கையாளருக்கான மின்னஞ்சலும்

திருப்பூரில் மாதம் பிறந்தால் முதல் பேச்சு நூல் விலைதான். நூற்பாலைகள் புது விலையை அறிவித்ததும் அந்த ஏற்றமோ இறக்கமோ நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் பனியன் விலையில் வந்து நிற்கும். அன்றைக்குச் சிறு பனியன் கம்பெனிக்காரர் தம்மிடம் சரக்கு எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். பழைய விலைக்கு எதுவரை ஆர்டர் எடுப்பார், புது விலை எந்தத் தேதி முதல். சிலர் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்கிறார்கள். பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பில் கைக்கு வந்த பிறகு தகராறு தொடங்குகிறது. அதே கம்பெனியிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வண்ண வாழ்த்துப் படம் மட்டும் அத்தனை பேருக்கும் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வாழ்த்து அனுப்புவது நல்ல பழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவரின் பணத்தைத் தொடுகிற செய்தி எழுத்தில் இருக்க வேண்டும், தேதியோடு இருக்க வேண்டும், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும். இந்த மூன்றையும் செலவில்லாமல் தருவது படமோ வடிவமைப்போ இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள மின்னஞ்சல். இது பனியன் தொழிலுக்கு மட்டும் பொருந்துவதல்ல. கோவையின் மோட்டார் பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும், கரூரின் வீட்டு உபயோகத் துணிகளும், சென்னிமலைப் போர்வையும், பவானி ஜமக்காளமும், ஈரோட்டு மஞ்சளும், காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயும், பொள்ளாச்சியின் தென்னை நாரும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்குத்தான் போகின்றன. வாங்குபவர் தொலைவில் இருக்கிறார். முதலாளியைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார். திரும்பத் திரும்ப வாங்குகிறார். இப்படிப்பட்டவர்கள் ஒரு சிறு நிறுவனத்துக்கு நூறு பேர் இருப்பார்கள், மிஞ்சினால் சில நூறு. விளம்பரத் துறையின் பெரிய கருவிகள் எதுவும் இந்த அளவுக்கு வேண்டியதே இல்லை.

எழுத்து மின்னஞ்சல் என்பதில் புதுமை எதுவும் கிடையாது. மின்னஞ்சல் பிறந்ததே அப்படித்தான். 1971இல் ரே டாம்லின்சன், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பியபோது அதில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. அஞ்சலைக் கணினிக்குக் கணினி கைமாற்றும் எஸ்எம்டிபி விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது; அதுவும் ஆங்கில எழுத்து வரிகளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படம், ஒலி, இணைப்புக் கோப்பு, பிற மொழி எழுத்துகள் எல்லாவற்றையும் அஞ்சலுக்குள் ஒழுங்காக ஏற்ற வழி செய்த மைம் என்ற ஏற்பாடு 1992இல்தான் வந்தது. இணையப் பக்கங்களைப் போல வண்ணமும் பத்தியமைப்பும் கொண்ட எச்டிஎம்எல் அஞ்சல்கள் அதற்குப் பின்னர் பரவின. இன்று ஜிமெயிலில் நாம் சாதாரணமாக எழுதும் கடிதமும் உள்ளே எச்டிஎம்எல்தான். எழுதும் சட்டத்தின் அடியில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'பிளைன் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தால்தான் அது வெறும் எழுத்தாகும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் இதே வசதி உண்டு.

வெறும் எழுத்தாக அனுப்புவதால் என்ன மாறுகிறது? எடையிலிருந்து தொடங்கலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'கு' போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறிகள், ஆறு பைட். நூற்றைம்பது சொல் கொண்ட தமிழ்க் கடிதம், அனுப்புவதற்காகக் குறிமாற்றம் செய்த பின்னும், சில கிலோபைட் அளவைத் தாண்டாது. விலைப்பட்டியலைப் போஸ்டராக அடித்து அனுப்பினால் சில நூறு கிலோபைட்டாவது ஆகும். இதோடு முடியவில்லை. கணினியில் நிறுவும் அவுட்லுக் வெளியிலிருந்து வரும் படங்களை இயல்பாகவே தடுத்து வைக்கிறது. பெறுபவர் அனுமதித்தால்தான் படம் தெரியும். பெரிய வாங்கும் நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர்களும் (ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்) கொள்முதல் அதிகாரிகளும் பெரும்பாலும் அலுவலகக் கணினியில்தான் அஞ்சல் பார்க்கிறார்கள். விலை முழுவதும் படத்துக்குள் இருந்தால் அவர்கள் திரையில் காண்பது ஒரு காலிக் கட்டம். ஜிமெயிலோ ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் அஞ்சலின் மிச்சப் பகுதியை வெட்டி மறைத்துவிடும். பகட்டான வடிவமைப்போடு வரும் அஞ்சல்களின் அடிப்பகுதி இப்படித்தான் காணாமல் போகிறது.

ஆனால் எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தேடல். மும்பையில் இருக்கும் வாங்குபவர் ஆறு மாதம் கழித்து "30ஆம் நம்பர் கோம்டு சிங்கிள் ஜெர்சிக்கு அன்றைக்கு என்ன விலை சொன்னார்கள்?" என்று தேடும்போது எழுத்துக் கடிதம் நொடியில் வந்து நிற்கும். படத்துக்குள் புதைந்த விலை அப்படிக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. எழுத்தை நகலெடுத்துப் பர்ச்சேஸ் ஆர்டரிலோ எக்ஸெல் தாளிலோ ஒட்டலாம். பார்வைக் குறை உள்ளவர்களின் திரை வாசிப்பான் அதை உரக்கப் படிக்கும். ஆங்கிலமே அறிந்த வாங்குபவர் தமிழ்க் கடிதத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டாவது பொருள் தெரிந்துகொள்வார். வணிகக் கடிதம் ஆவணமாக நிற்க வேண்டும். போஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதற்கான இடமும் இருக்கிறது. "லோடு கிளம்பிவிட்டது", "டிரைவர் நம்பர் இது" போன்ற அன்றைய செய்திக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் சாதாரண வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றுக்கு 256 பேர்தான். பெறுபவர் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருக்கவும் வேண்டும், இல்லையேல் செய்தி போகாது. போகவில்லை என்பதும் உடனே தெரிவதில்லை. குறுஞ்செய்தியிலோ வேறு சிக்கல்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி தமிழில் 70 குறிகளோடு நின்றுவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, நிறுவனமாக மொத்தக் குறுஞ்செய்தி அனுப்ப நிறுவனத்தின் பெயர், அனுப்புநராகத் தெரியும் குறிப்பெயர், செய்தி வாசகம் எல்லாவற்றையும் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மின்னஞ்சலில் இந்தத் தடைகள் இல்லை. அது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல. அனுப்புபவர் ஒரு சேவையிலும் பெறுபவர் இன்னொன்றிலும் இருக்கலாம்.

எல்லோருக்கும் மின்னஞ்சல் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கோபிசெட்டிபாளையத்தில் விதை, உரக்கடை நடத்துபவர் தம் விவசாயிகளுக்கு மின்னஞ்சல் எழுதுவதில் பயன் குறைவு. அவர்களுக்குப் போனும் கடைவாசல் பலகையும் போதும். ஆனால் அதே கடைக்குச் சரக்கு போடும் விதைக் கம்பெனியோ பம்ப்செட் உற்பத்தியாளரோ தம் டீலர்களுக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்குப் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவாக்கில் தண்ணீர் திறக்கிறார்கள். அதற்கு முன்பே எந்த மாடல் மோட்டார் கையிருப்பில் உள்ளது, எதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது டீலருக்குத் தெரிந்தால்தான் அவர் தம் விவசாயிக்குப் பதில் சொல்ல முடியும்.

இனி அஞ்சல் போய்ச் சேர்வதைப் பற்றி. எழுத்து மட்டும் இருந்தால் எல்லாம் இன்பாக்ஸுக்குப் போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது. அனுப்புவது யார் என்பதைப் பெறும் பக்கம் சரிபார்க்க முடிகிறதா என்பதே இன்று முதல் கேள்வி. இதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. உங்கள் டொமைன் பெயரில் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு அஞ்சலிலும் குறியாக்கக் கையொப்பம் இட்டு, அது வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டுவது டிகேஐஎம். இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். மூன்றும் டொமைனின் டிஎன்எஸ் எனப்படும் இணைய முகவரிப் பதிவுகளில் சேர்க்க வேண்டிய சில வரிகள்தான். டொமைன் வாங்கிய இடத்திலோ அஞ்சல் சேவை தருபவரிடமோ கேட்டால் அந்த வரிகளைத் தருவார்கள். கணினி தெரிந்த ஒருவருக்கு அரைநாள் வேலை.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும், விளம்பர அஞ்சலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் என்று புகார் செய்வோர் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. சென்னிமலையில் போர்வை விற்பவர் அந்த 5,000ஐ ஒருநாளும் தொடப்போவதில்லை. ஆனால் அந்த விதியின் உள்ளடக்கம் அவருக்கும் பாடம்தான். முந்நூறு பேர் கொண்ட பட்டியலில் ஒரே ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலும் கணக்கு 0.33 சதவீதம் ஆகிவிடுகிறது.

ஜிமெயில் அல்லது யாகூ முகவரியையே வைத்துக்கொண்டு வேறொரு மொத்த அஞ்சல் சேவை வழியாக அனுப்புவது இப்போது வேலைக்கு ஆகாது. அப்படி வெளியிலிருந்து தன் பெயரில் வரும் அஞ்சலை மறுக்கச் சொல்லி யாகூ 2014 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. ஜிமெயிலும் 2024 விதிகளில் தன் பெயரில் அப்படி வரும் அஞ்சலை ஸ்பேமில் ஒதுக்கச் சொன்னது. சொந்த டொமைன் ஒன்றின் ஆண்டுச் செலவு பெரிதல்ல. கடைப் பெயர்ப் பலகைக்குக் கொடுப்பதில் சிறு பங்குகூட ஆகாது. அதுவும் இல்லாமல் தொடங்க நினைப்பவர் ஜிமெயிலிலிருந்தே நேரடியாக அனுப்பலாம். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர், கட்டணக் கணக்கில் 2,000 அஞ்சல் என்பது அளவு.

அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் 'டூ' கட்டத்தில் வரிசையாக அடுக்குவது இந்தத் தொழிலில் செய்யக் கூடாத காரியங்களில் முதன்மையானது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்ததாகிவிடும். திருப்பூரிலும் கரூரிலும் போட்டியாளரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சம், பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடியாத 'பிசிசி' கட்டத்தில் போட வேண்டும். அதைவிட நல்லது மெயில் மெர்ஜ். விரிதாளில் பெயரும் முகவரியும் இருந்தால், ஒவ்வொருவருக்கும் அவர் பெயரோடு தனித்தனிக் கடிதமாகப் போகும்.

பட்டியலில் யார் இருக்கலாம் என்பதற்கு என் அளவுகோல் எளிது. உங்களிடம் வாங்கியவர், விலை கேட்டவர், எழுதுங்கள் என்று சொன்னவர். கோவை கொடிசியா வளாகத்துக் கண்காட்சியிலோ, கரூர்க்காரர்கள் ஜனவரியில் போகும் பிராங்க்பர்ட் வீட்டுத் துணிக் கண்காட்சியான ஹெய்ம்டெக்ஸ்டிலிலோ சேர்ந்த விசிட்டிங் கார்டுகளை அப்படியே பட்டியலில் ஏற்றிவிடக் கூடாது. கார்டு கொடுத்தவர் ஒரு முறை பேச ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். முதலில் தனிக் கடிதம் எழுதி, "விலையும் புது ரகமும் மாறும்போது எழுதலாமா?" என்று கேட்டு, சம்மதம் வந்தால் சேர்க்கலாம். விலைக்கு விற்கும் முகவரிப் பட்டியல்கள் பக்கமே போகக் கூடாது. கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பும் பழக்கம் மின்னஞ்சலின் தொடக்கத்திலேயே தலைகாட்டியது. 1978 மே மாதம் டிஇசி கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கேரி தூர்க் ஏறத்தாழ நானூறு பேருக்கு விளம்பரம் அனுப்பினார். அப்போதே கண்டனம் எழுந்தது. முகவரியைக் கொடுத்தவர் அதை எதற்காகக் கொடுத்தார் என்று பார்க்காமல் பயன்படுத்தியவர்களால்தான் இத்தனை தடுப்புச் சுவர்களும் எழுந்தன.

சட்டமும் இப்போது இதே இடத்துக்கு வந்து நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமை விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. அங்குள்ள வாங்குபவர்களுக்கு எழுதுகிற திருப்பூர், கரூர் நிறுவனங்கள் அதை நினைவில் வைத்தாக வேண்டும். இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் தெளிவாகப் பெறப்பட்டிருக்க வேண்டும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சிறு நிறுவனத்துக்கு இதன் நடைமுறைப் பொருள் கடிதத்தின் அடியில் ஒரு வரி: "இனி வேண்டாம் என்றால் 'நிறுத்தவும்' என்று பதில் எழுதுங்கள், அன்றே நீக்கிவிடுகிறோம்." எழுதினால் மட்டும் போதாது, அன்றே நீக்க வேண்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் பெருமக்களுக்கு' என்று தொடங்கி, நிறுவனத்தின் வரலாற்றையும் தரத்தையும் இரண்டு பத்திக்குப் புகழ்ந்துவிட்டு, செய்தியைக் கடைசியில் ஒளித்து வைக்கிறார்கள். எழுத்து மின்னஞ்சலில் தடித்த எழுத்தும் கிடையாது, வண்ணமும் கிடையாது. எது முக்கியம் என்று காட்ட உங்களிடம் இருப்பது வரிசை மட்டுமே. எனவே முக்கியமானது தலைப்பிலேயே வந்துவிட வேண்டும், முதல் வரியில் மறுபடி முழுமையாக வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

தலைப்பு: 10ஆம் தேதி வரை பழைய விலை, 11 முதல் பீஸுக்கு 4 ரூபாய் கூடுகிறது

வணக்கம்.

நூல் விலை ஏறியதால் ஆண்கள் ரவுண்ட் நெக் 180 ஜிஎஸ்எம் ரகத்துக்கு வரும் 11ஆம் தேதி முதல் பீஸுக்கு 4 ரூபாய் கூட்டுகிறோம்.

10ஆம் தேதி மாலை 6 மணிக்குள் உறுதி செய்யும் ஆர்டர்களுக்குப் பழைய விலையே. அட்வான்ஸ் வந்துவிட்ட ஆர்டர்களில் மாற்றம் இல்லை. மற்ற ரகங்களின் விலை மாறவில்லை.

சந்தேகம் இருந்தால் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள். நானே படிக்கிறேன்.

இதற்குக் கீழே பெயர், பதவி, நிறுவனம், ஊர், போன் எண். அவ்வளவே. இந்தக் கடிதத்தில் 'மற்ற ரகங்களின் விலை மாறவில்லை' என்ற வரிக்குத் தனி மதிப்பு உண்டு. அது இல்லாவிட்டால் கடிதம் கிடைத்த அத்தனை பேரும் தங்கள் ரகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் போன் செய்வார்கள். எது மாறவில்லை என்று சொல்வது வாங்குபவரின் பாதிக் கவலையைத் தீர்க்கிறது. ஈரோட்டில் மஞ்சள் தூள் அரைத்து விற்பவர் விரலி விலை ஏறியது என்று எழுதும்போது, கிழங்கு மஞ்சள் நிலவரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது இதனால்தான் நல்லது.

விலைப்பட்டியலை அட்டவணையாக அடுக்க முயல வேண்டாம். எழுத்து மின்னஞ்சலில் இடைவெளி விட்டு நெடுவரிசைகளை நேராக்குவது ஆங்கிலத்திலேயே சிரமம். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், உங்கள் திரையில் நேராக நிற்பது அவர் போனில் கோணல்மாணலாகிவிடும். ஒரு வரிக்கு ஒரு ரகம், ஒரு விலை என்று எழுதினால் எந்தத் திரையிலும் குலையாது. ஐம்பது ரகம் இருந்தால் அதை எக்ஸெல் கோப்பாக இணைத்து, மாறிய ஐந்தை மட்டும் கடிதத்தில் எழுதலாம்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறிமுறையில் இருந்தது. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே எழுத்துரு இல்லாவிட்டால் கடிதம் கிறுக்கலாகத் தெரியும். இன்று போன்களும் கணினிகளும் யூனிகோடில் இயங்குகின்றன. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அங்கே அடித்துக் கொடுத்த நோட்டீஸ் வாசகத்தை நகலெடுத்து எழுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், எழுத்துரு உதிர்ந்துவிடும், ஆங்கில எழுத்துகளின் சிதறல்தான் மிஞ்சும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது போனிலேயே நேராகத் தட்டச்சு செய்துவிட வேண்டும். வடநாட்டு, வெளிநாட்டு வாங்குபவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கடிதத்தில் இரண்டு மொழியையும் அடுக்கினால் நீளம் இருமடங்காகும். இருவருமே பாதியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

எப்போது எழுதுவது? வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று நாள் குறித்து எழுதச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொல்ல ஒன்றுமில்லாத வாரத்தில் எழுதும் கடிதம், அடுத்து வரும் முக்கியக் கடிதத்தையும் படிக்காமல் தள்ள வைத்துவிடும். கொங்கு நாட்டுத் தொழிலுக்கு அதன் சொந்த நாள்காட்டி உண்டு, அதைப் பின்பற்றினால் போதும். மாதத் தொடக்கத்தில் நூல் விலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊர் போய்த் திரும்பும்வரை பட்டறைகள் காலியாகக் கிடக்கும் நாட்கள். ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தறி நிற்கும் நாட்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. இவை உள்ளூர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். அகமதாபாத்தில் இருப்பவருக்கோ ஹாம்பர்க்கில் இருப்பவருக்கோ எப்படித் தெரியும்? தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்பே "இந்தத் தேதிக்குள் வரும் ஆர்டர் மட்டுமே விடுமுறைக்கு முன் கிளம்பும், அதற்குப் பின் வருவது இந்தத் தேதிக்கு மேல்தான்" என்று எழுதினால், அது வாழ்த்துப் படத்தைவிட அவருக்கு நூறு மடங்கு உதவும். தாமதம் நேரப்போகிறது என்றால் அதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். கெட்ட செய்தியை முதலில் உங்களிடமிருந்தே கேட்ட வாங்குபவர் அடுத்த ஆர்டரையும் உங்களுக்கே கொடுப்பார்.

எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை எழுத்து மின்னஞ்சலில் கிடைக்காது. அதை அளக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தைக் கடிதத்தில் பொதிந்து வைப்பார்கள். அந்தப் படம் தரவிறங்கினால் கடிதம் திறக்கப்பட்டது என்று கணக்கு. எழுத்தில் படத்துக்கு இடமில்லை. இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. திறந்தோர் எண்ணிக்கை அதனால் ஊதிப்போய் நம்பகம் இழந்துவிட்டது. முந்நூறு வாங்குபவர் உள்ளவருக்கு உண்மையான அளவு வேறு. எத்தனை பதில் வந்தது, எத்தனை ஆர்டர் அந்தக் கடிதத்தைச் சுட்டி வந்தது, யார் விலகினார்கள், எந்த முகவரி திரும்பி வந்தது. இவற்றை ஒரு நோட்டிலேயே எழுதி வைத்துவிடலாம்.

எழுத்துக் கடிதத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. ஏற்றுமதியாளர்கள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வடிவமைத்த அஞ்சலில் கண்ணுக்குத் தெரியும் முகவரி ஒன்றாகவும், அழுத்தினால் போகும் இடம் வேறாகவும் இருக்க முடியும். வெறும் எழுத்தில் இணைப்பின் முழு முகவரியும் வெளிப்படையாகத் தெரியும், மறைக்க இடமில்லை. உலகம் முழுவதும் வணிகர்களைக் குறிவைக்கும் ஒரு மோசடி இருக்கிறது. விற்பவரின் அஞ்சல் கணக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்தோ, ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி டொமைனை வைத்தோ, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வாங்குபவருக்கு எழுதுவார்கள். ஷிப்மென்ட் கிளம்பிய வாரமாகப் பார்த்து எழுதுவதால் அது நம்பும்படி இருக்கும். எழுத்து மின்னஞ்சலாக அனுப்பினாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் எல்லாக் கடிதங்களும் ஒரே முகவரியிலிருந்து, ஒரே எளிய வடிவில், ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தால் போலிக் கடிதம் பழகிய கண்ணுக்கு உறுத்தும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "வங்கிக் கணக்கு மாற்றத்தை நாங்கள் ஒருபோதும் மின்னஞ்சலில் தெரிவிப்பதில்லை; அப்படி வந்தால் எங்கள் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று ஒரு வரியை நிரந்தரமாக வைத்துவிடலாம். அஞ்சல் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவிட வேண்டும். டிமார்க் பதிவில் 'தேறாத அஞ்சலை மறுக்கவும்' என்று கண்டிப்பான விதியை வைத்தால் உங்கள் டொமைன் பெயரை அப்படியே போட்டு வரும் போலிகள் பெரும்பாலும் தடுக்கப்படும். எழுத்து மாறிய டொமைனுக்கு எதிராக அது உதவாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பதில் வரும் பெட்டியை யார் பார்ப்பது என்பதை முதல் கடிதம் போவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று எழுதுவது பெரிய நிறுவனங்களின் வழக்கம். சிறு நிறுவனத்துக்கு அது தன் கையால் கதவைச் சாத்துவது. முதலாளியோ, விலை பேசும் அதிகாரம் உள்ள ஒருவரோ நாள்தோறும் இருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து, வந்த கேள்விக்கு அன்றே பதில் எழுத வேண்டும். பட்டியலும் அந்த அஞ்சல் கணக்கும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலில் இருக்கக் கூடாது. திருப்பூரில் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது சாதாரணம். பட்டியல் அவர் போனில் இருந்தால் அதுவும் அவரோடு போய்விடும். ஒரு விரிதாள், அதில் பெயர், நிறுவனம், ஊர், மின்னஞ்சல், எந்த ரகம் வாங்குபவர், சம்மதம் கொடுத்த தேதி என்று ஆறு கட்டங்கள். இருபது பழைய வாடிக்கையாளர்களின் பெயரோடு அதை இந்த மாதமே தொடங்கிவிடலாம். அடுத்த நூல் விலை அறிவிப்பு வரும்போது எழுத ஆள் இருக்கும்.